ஆற்றுப் படமும் அரை மாடும்

பந்தியில் இலை போட்டால் எல்லோரும் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். அவர் முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். புழு இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்த்திப் போட்டுக்கொள்வார். பரிமாறுகிறவர் சோற்றுக் கூடையோடு காத்து நிற்க வேண்டியதுதான். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் இதைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நன்றாகவே இறங்கியது. மூன்று முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய தம்பி பிள்ளைகள் இன்னும் ஈப்போவில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ரயில் சரக்குக் கொட்டகையில் அவர் பெரிய கிராணி. அந்தக் காலத்து மலாயாவில் குமாஸ்தாவைக் கிராணி என்றுதான் சொல்வோம். நான் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். ஆக, பகலெல்லாம் அவர் முகத்தில் விழித்துவிட்டு, சாயங்காலமும் அதே முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, எதைப் பார்த்தாலும் முதலில் சுருங்கும் கண்கள்.

கொட்டகைக்கு அந்தக் கண்கள் தேவையாகத்தான் இருந்தன. ரப்பர் ஷீட்டுக் கட்டுகளின் நடுவே கல்லை வைத்து எடை ஏற்றுகிறவர்கள் இருந்தார்கள். மேல் வரிசையில் நல்ல சாமானும் அடியில் உடைசலும் வைத்துப் பெட்டி அடிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எந்தப் பெட்டி வந்தாலும் கூலிகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கவுத்துப் போடு." எங்களிடம் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வார். "முன்பக்கம் நம்ம பாக்கிறதுக்குன்னே செஞ்சது தம்பி. பின்பக்கத்தைக் காட்டச் சொல்லு."

வேலையில் இப்படி இருந்துவிட்டு வீட்டில் வேறு மாதிரி இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களோடு தங்கியிருந்த தந்திக் கிராணிக்கு நாகப்பட்டினத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் போட்டோ கப்பல் தபாலில் வந்தது. அவர் அதைத் தட்டில் வைத்து, எங்களுக்கு மிட்டாயோடு சேர்த்துக் காட்டினார். எல்லோரும் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் இவர் வாங்கித் திருப்பினார். அட்டையின் பின்னால் போட்டோக்காரர் பென்சிலால் தேதி போட்டிருந்தார்.

"இது எடுத்து ஆறு வருஷம் ஆச்சே. இப்ப பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார்.

தந்திக் கிராணி போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவர் அவரோடு பேச ஏழெட்டு மாதம் ஆயிற்று. கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் மனைவியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும்போதெல்லாம் தந்திக் கிராணி ஒரு தரம் இவர் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்குச் சமையல்காரர் ஒரு கதை வைத்திருந்தார். பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய அன்று, தன் ஊர்க்காரன் என்று நம்பி ஒருவனிடம் டிரங்குப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். திரும்பி வந்து தூக்கினால் பெட்டி அதே கனம். திறந்தால் உள்ளே செங்கல். கேட்க நன்றாக இருக்கிறது. நான் நம்பவில்லை. சமையல்காரர் இதே கதையைத் தன் மாமாவுக்கு நடந்ததாகவும் ஒரு முறை சொன்னார். பாருங்கள், அவரோடு இருந்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது.

யாரையும் நம்பாத மனிதர் என்னை மட்டும் நம்பினார். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு பின்பக்கம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளக்குக் கண்ணாடிகள் இருந்த பெட்டி ஒன்றைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டேன். நேராக அவரிடம் போய், "நான்தான் ஐயா போட்டேன்" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "யாரும் கேக்காம நீயா வந்து சொல்றே" என்றார். அன்றிலிருந்து நான் எழுதிக் கொடுக்கும் பட்டியலை அவர் சரிபார்ப்பதில்லை. வாங்கி அப்படியே கையெழுத்துப் போடுவார். கொட்டகையே வாயைப் பிளந்தது. நான் பெட்டியைப் போட்டதைக் கூலிகளுக்கு மேஸ்திரியான மண்டோர் பார்த்துவிட்டார், அவர் போய்ச் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன் என்பது எனக்கும் மண்டோருக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் ஊழியர் சங்கத்தில் ஒரு கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். ரயில்வேயில் இருப்பவர்கள், ரயில்வேக்கு வண்டி ஓட்டுகிறவர்கள், யார் வேண்டுமானாலும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து வைக்கலாம். பட்டறைத் துரை அதற்கு ஒரு ருசி சேர்த்தார். பட்டறையில் வார்ப்புகளுக்கு வரைபடம் போட்டு மாதிரி செய்யும் அறையில் ஓர் இடம் காலி. கண்காட்சியில் முதலாவதாக வருகிறவருக்கு அந்த வேலை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரைவதில் பைத்தியம். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் கிள்ளான் ஆற்றை வரைந்து வைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் மேட்டில் நின்றால் தெரிவது போல: மழை பெய்து ஓய்ந்த காலை, செம்மண் கலந்த தண்ணீர், கரையெல்லாம் லாலாங் புல், செங்கல் சூளையின் புகைபோக்கி, அதற்கும் அப்பால் நீலமாக மலை. பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். மேசையின் மறுகோடியில் இருந்த பொருளுக்கு முன்னாலும் நின்றார்கள். அது ஒரு களிமண் மாடு.

செய்தவர் ஒற்றை மாட்டு வண்டிக்காரர். சரக்குக் கொட்டகையிலிருந்து, பாசார் என்று நாங்கள் சொல்லும் சந்தைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். நாற்பது வயதிருக்கும், நெஞ்சு இழுப்பு உண்டு. வெயிலிலும் மழையிலும் வண்டியில் உட்கார்ந்து இன்னும் எத்தனை நாள் காலம் தள்ள முடியும் என்று அவருக்கே தெரியாது. நிழலில் உட்கார்ந்து செய்யும் அந்த வேலை எனக்கு ஆசை. அவருக்கு அது உயிர்.

மாடு படுக்கையிலிருந்து எழுந்திருக்கும் கோலம். முன்னங்கால்கள் மடங்கியே இருக்க, பின்பக்கம் மட்டும் மேலே வந்திருந்தது. திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுகத்தடி உராய்ந்த இடம் காய்ப்பாகி, இடுப்பெலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு, வால் நடுவில் ஒரு சின்ன ஒடிவோடு இருந்தது. தொட்டால் சிலிர்க்கும் என்று தோன்றும். ஆனால் முகம்? முகம் திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை. இரண்டு துளை கண், ஒரு கோடு வாய்.

துரைக்கு முடிவு செய்ய முடியவில்லை. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை, ஒன்று ஆறும் மலையும், ஒன்று உயிருள்ள பிராணி, எதை எதோடு ஒப்பிடுவது என்று தலையைச் சொறிந்தார். கடைசியில், இரண்டும் இயற்கையைப் பார்த்துச் செய்தவைதானே, எது உண்மையாக இருக்கிறது, எதில் ஏமாற்று இல்லை என்று பெரிய கிராணியே பார்த்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார். அவரை ஏமாற்ற முடியாது என்பது துரைமார் வரைக்கும் தெரிந்த விஷயம்.

அவர் செய்தது வேறு யாரும் செய்யாதது. இரண்டையும் அசலுக்கு முன்னால் கொண்டுபோனார். என் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு ரயில் மேட்டுக்கு வந்து, கையை நீட்டிப் பிடித்து, ஆற்றையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். புகைபோக்கியைக் கட்டைவிரலால் அளந்தார்.

"அங்க ரெண்டு தென்னை இருக்கு. நீ ஒண்ணுதான் போட்டிருக்கே."

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வாங்க ஐயா. ஒண்ணை ஒண்ணு மறைக்கும்."

நகர்ந்து நின்று பார்த்தார். "ஆமா, மறைக்குது. இங்க ஒரு குப்பை மேடு இருக்கே, அது எங்க?"

"அது நான் உக்காந்த இடத்துக்குப் பின்னாடி ஐயா."

திரும்பிப் பார்த்தார். குப்பை மேடு பின்னால்தான் இருந்தது. பலகையைத் திருப்பினார். பின்னால் தேயிலைக் கம்பெனி முத்திரையைத் தவிர ஒன்றுமில்லை. "சரி" என்றார். என் படம் தப்பித்தது. நின்று பார்க்க ஓர் இடம், அந்த இடத்திலிருந்து தெரிவது எல்லாம் சரி, தெரியாததற்கு அது பொறுப்பில்லை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று படத்திடம் யாரும் கேட்க முடியாது. களிமண் மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது நாலு பக்கமும் பதில் சொல்லியாக வேண்டும்.

வண்டிக்காரரின் மாட்டுக் கொட்டிலில் உயிர் மாட்டைக் கட்டிவைத்து, மண் மாட்டை ஒரு முக்காலியில் வைத்து, அவர் இரண்டையும் மூன்று முறை சுற்றி வந்தார். வழக்கம்போல் பின்பக்கத்தில்தான் ஆரம்பித்தார். வாலின் ஒடிவைக் கண்டதும் உயிர் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தார். அதே இடத்தில் அதே ஒடிவு. அவர் யாரையும் மெச்சி நான் பார்த்ததில்லை. அன்று அவர் முகத்தில் அது வந்தது. பிறகு முன்னால் வந்தார், முகத்தைப் பார்த்தார், கண்கள் சுருங்கிவிட்டன.

"பின்னாடி செஞ்ச கை வேற. முன்னாடி செஞ்ச கை வேற."

"ரெண்டும் இந்தக் கைதாங்க ஐயா," என்றார் வண்டிக்காரர்.

"யாரு சுட்டுக் கொடுத்தது?"

"சூளையில இருந்த சீனருங்க. நல்லா மண் வேலை தெரிஞ்சவரு. சுட்டுத்தான் கொடுத்தாரு, வேற ஒண்ணும் செய்யலே."

"அவரைக் கூப்பிடு."

"அவரு போன மாசம் கப்பலேறி ஊருக்குப் போயிட்டாருங்களே."

போதாதா? பெரிய கிராணி ஒரு கூடைக் களிமண் வரவழைத்தார். "என் எதுக்க ஒரு முகம் செய்யி" என்றார். வண்டிக்காரர் தரையில் உட்கார்ந்து செய்தார். அதே பொம்மை முகம் வந்தது, அதே இரண்டு துளை. முகம் வண்டிக்காரர் கைவேலை என்பது ருசுவாகிவிட்டது, ஆகவே பின்பக்கம் வேறொருவர் கைவேலை என்று அவர் தீர்மானித்துவிட்டார். ஒரு தொடையைச் செய் என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆயிரம் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்த மனிதருக்கு அது தோன்றவில்லை. சந்தேகம் முகத்தின் மேல் விழுந்தது, அவர் முகத்தையே சோதித்தார்.

"ஏன் முகம் மட்டும் இப்படி வருது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா. எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் செஞ்சேன்" என்றார் வண்டிக்காரர். அவருக்கு இழுப்பு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் ஒரு காரியமாக நான் பாசார் வரை போக வேண்டியிருந்தது. மழை வந்துவிட்டது. அந்த வழியாக வந்த வண்டிக்காரர்தான் வண்டியை நிறுத்தி, "ஏறிக்குங்க தம்பி" என்றார். முன்பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்மேல் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

"வலது தொடை துடிக்குது பாருங்க, தண்ணி கேக்குது. வாலை இப்பிடி ஒடிச்சுப் போட்டா கோவம். திமில் ஆடாம இருந்தா ஏத்தம் வரப்போவுதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"முகத்தைப் பாத்தா தெரியாதா அண்ணே?"

"முகமா? அதை நான் எங்க தம்பி பாக்கிறேன்? விடியமுன்ன பூட்டுறேன், இருட்டினப்புறம் அவுக்கிறேன். மத்த நேரம் பூரா இப்பிடித்தானே உக்காந்திருக்கேன்."

எனக்கு எதிரே திமில், இடுப்பு, வால். பதினைந்து வருஷமாக அந்த மனிதர் பார்த்தது அவ்வளவுதான். தனக்குத் தெரிந்ததை உள்ளபடி செய்திருக்கிறார், தெரியாத இடத்தில் இரண்டு துளை போட்டுவிட்டார். அதைவிட உண்மையான பொருள் அந்தக் கண்காட்சியில் இல்லை. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெரிய கிராணி காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து நீ அவன் வண்டியில போனியாமே. எனக்கு ஏதோ நெருடுது. உனக்கு ஏதாச்சும் தோணுச்சா?"

போட்டிக்காரனிடமே கேட்கிறார். அவ்வளவு நம்பிக்கை. மாதிரி அறையின் பெரிய ஜன்னலும் சாய்வு மேசையும் கண் முன்னால் வந்து நின்றன.

"ஒண்ணும் தோணலை ஐயா" என்றேன்.

வேறொருவர் சொல்லியிருந்தால் இரண்டு குறுக்குக் கேள்வியாவது போட்டிருப்பார். என்னிடம் போடவில்லை. தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வேலை எனக்குக் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் வண்டிக்காரருக்கு 'அரை மாடு' என்று பெயர் கிடைத்தது. அடுத்தவர் வேலையைத் தன் வேலை என்று காட்டினவர் என்று கடைக்காரர்கள் அவரைச் சாமான் ஏற்றவும் கூப்பிடத் தயங்கினார்கள். மூன்று மாதத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்கே போய்விட்டார்.

மாதிரி அறையில் என்னைச் சும்மா விடவில்லை. அங்கே ஒவ்வொரு உறுப்பையும் முன்னாலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம் என்று மூன்று படம் போட வேண்டும். மூன்றாவதைப் போடும்போதெல்லாம் கை நின்றுவிடும். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவரிடம் குட்டை உடைத்துவிட்டேன்.

முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப யாரு பாத்துட்டாங்க, நீயா வந்து சொல்றே?"

விளக்குக் கண்ணாடிச் சங்கதி அவருக்கு எப்போது தெரிந்தது, மண்டோர் எப்போதாவது சொன்னாரா, அல்லது அந்த நிமிஷத்தில் அவராகவே சேர்த்துப் பார்த்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் பார்க்கவில்லை ஐயா என்றேன்.

மறுநாள் காலை கோட்டும் தலைப்பாகையுமாகத் தெருவில் இறங்கி, போகிற ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி, முன்பலகையில் ஏறி வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய கிராணிக்கு மூளை பிசகிவிட்டது என்று கடைத்தெரு பார்த்தது. பாசார் வரை போய் இறங்கி, அங்கிருந்து நடந்தே திரும்பி வந்தார். அடுத்த விடுமுறை நாளில், "கிள்ளானுக்குப் போறேன். நீயும் வா. நீ சொல்றது சரிதானான்னு அவன் முன்னாடி பாக்கணும்" என்றார்.

ஆற்றோரக் கிடங்குகளின் பக்கம் வண்டிக்காரரைக் கண்டுபிடித்தோம். இளைத்திருந்தார். வண்டியில் வேறொரு மாடு பூட்டியிருந்தது. பெரிய கிராணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அதற்கு முன் அவர் தலையைத் தெருவில் பார்த்ததில்லை.

"நான் வண்டியில உக்காந்து பாக்காம எழுதிட்டேன். தப்புதான். துரைக்கு மாத்தி எழுதுறேன்."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது.

"வேல இவருக்கே இருக்கட்டுங்க. அந்தப் பொம்மையை நான்தான் செஞ்சேன்னு பிரிக்பீல்ட்ஸ்ல சொல்லிடுங்க ஐயா, போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க முகத்தைச் சொன்னப்புறந்தான் தினம் என் மாட்டுக்கு முன்னாடி போய் உக்காந்து பாத்தேன். அது வரைக்கும் பாத்ததே இல்லைங்க. போன மாசம் செத்துப்போச்சு."

துரை காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, முடிந்தது முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஊழியர் சங்கத்தில், மாதக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் இவர் எழுந்து நின்றார். "மாடு முழுவதும் வண்டிக்காரர் செய்தது, பார்க்கத் தெரியாமல் பார்த்தது நான், பழி என்னுடையது" என்றார். நான் கடைசி வரிசையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வரவே இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து கொட்டகையில் அவர் "கவுத்துப் போடு" என்றால் கூலிகள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தார்.

என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. முன்பு போலவே பேசினார், பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைக்கச் சொன்னார். அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் நாங்கள் சேர்ந்து இருந்தோம்.

கூட்டம் நடந்த மறு வாரம் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் வாசலிலிருந்து உள்ளே வந்து, "மழை விட்டிருச்சு ஐயா, போலாம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு எழுந்து போய், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.